வாத்தியார் பார்க்காத பாலம்

விதோமிர் வாத்தியார் முப்பத்துநாலு வருடம் பெல்கிரேடில் பூகோளம் நடத்தியவர். அத்தனை வருடத்தில் "நான் சொன்னது தப்பு" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து ஒருதடவைகூட வந்ததில்லை. ஒருமுறை வகுப்பில் ஒரு நதியை அடுத்த நாட்டுக்குள் ஓடவிட்டுவிட்டார். முன்பெஞ்சுப் பெண் எழுந்து சுவரில் தொங்கிய வரைபடத்தைக் காட்டினாள். வாத்தியார் வரைபடத்தைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், "வரைபடம்தான் தப்பு, உக்காரு" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். சில வருடம் கழித்து நாடு துண்டு துண்டாக உடைந்து, பள்ளிக்கூடத்தில் இருந்த வரைபடமெல்லாம் நிஜமாகவே தப்பாகிப்போனது. நாங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், எங்கள் குடியிருப்பில் ஒரே ஒரு மனிதர் மட்டும் "நான் அப்பவே சொன்னேன்" என்று நிம்மதியாகக் காபி குடித்தார்.

அவருக்கு மிகவும் பிடித்த பாடம், பெல்கிரேடிலிருந்து மலைகளைக் குடைந்துகொண்டு மொண்டெனேக்ரோ கடற்கரைக்கு இறங்கும் ரயில் பாதை. சுரங்கங்கள் இருநூற்று ஐம்பத்துநாலு. பாலங்கள் நானூற்று முப்பத்தைந்து. அவற்றில் பெரியது மாலா ரியேகா பாலம், உயரம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு மீட்டர், நீளம் அரை கிலோமீட்டர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவருடைய மாணவர்கள் ஒப்பிப்பார்கள். வாத்தியாரே அந்தப் பாலத்தைத் தூக்கத்தில்தான் கடந்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை. நாடு ஒன்றாக இருந்த காலத்தில் பன்னிரண்டு கோடை, போக ஒன்று வர ஒன்று என்று இருபத்துநாலு தடவை, எல்லாமே இரவு வண்டி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். வாத்தியார் அந்தச் சுரைக்காயை வைத்தே ஓய்வூதியம் வரை ஓட்டிவிட்டார்.

அவருடைய மனைவி லெபோசாவா, எங்களுக்கெல்லாம் லெபா, தபால் ஆபீசில் முத்திரை குத்தியவள். கோடை பிறந்தால் கடற்கரையிலிருந்து படம் போட்ட தபால் கார்டுகள் மூட்டை மூட்டையாக வரும். பாதிக்கு மேல் அந்தப் பாலம்தான். பள்ளத்தாக்கிலிருந்து எழும்பி நிற்கும் தூண்கள், உச்சியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு ரயில். பின்பக்கத்தில் யார் யாரோ யார் யாருக்கோ எழுதியிருப்பார்கள்: "என்ன அழகு! வாழ்நாளில் மறக்க முடியாது." இருபத்தெட்டு வருடம் ஊரார் பார்த்த அழகின்மேல் லெபா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அவள் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த ஒன்றைத்தான்.

நாடு உடைந்தபின் கடலும் போய்விட்டது. இடையில் எல்லை வந்தது, கடவுச்சீட்டு வந்தது, சம்பளம் வராமல் போனது. இருவரும் ஓய்வுபெற்று, மகளைக் கட்டிக்கொடுத்து, ஒரு வழியாகப் போன வருடம் செப்டம்பரில் பத்து நாள் சுதோமோரே கடற்கரைக்குப் போவது என்று முடிவானது. முடிவானது கடல் மட்டும்தான். வண்டி முடிவாகவில்லை.

அன்று ஜோர்காவும் அவர்கள் சமையலறையில் இருந்தாள். அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவள். எங்கள் ஊரில் சாட்சி நின்றவள் உடன்பிறந்தவளைவிட ஒருபடி மேல். சண்டையில் நடுவே புக அவளுக்கு மட்டும்தான் உரிமை உண்டு.

"இந்தத் தடவ பகல் வண்டி," என்றாள் லெபா, காபிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல்.

"ராத்திரி வண்டிதான்," என்றார் வாத்தியார். "படுத்தோமா, எழுந்தோமா, கடல். பகல்ல போறவன் ஒரு நாளை அப்படியே ஜன்னலுக்குத் தானம் பண்றான்."

"பண்ணிட்டுப் போறேன். என் நாளு, என் ஜன்னலு."

"மலை எங்கடி ஓடிப்போகப் போகுது? பதினோரு மணி நேரம் உக்காந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அதைவிட, பகல் வண்டியில எல்லா ஜன்னலையும் தொறந்து வெச்சிருப்பானுங்க. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போற காத்து! கழுத்தைப் பிடிக்கும், சிறுநீரகத்தைப் பிடிக்கும். குறுக்குக் காத்துல போனவங்க எத்தனை பேர்னு உனக்குத் தெரியுமா?"

"எத்தனை பேர்? உன் புத்தகத்துல எண்ணிக்கை இருக்கா?"

குறுக்குக் காற்றைப் பற்றி எங்களில் யாரும் வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்க மாட்டோம். இரண்டு யுத்தத்தையும் பொருளாதாரத் தடையையும் தாக்குப்பிடித்த ஜனம் நாங்கள். ஆனாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் அலறிக்கொண்டு ஓடிப்போய் ஒன்றையாவது சாத்துவோம். ஜோர்காவே எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேச உட்கார்ந்தாள்.

"நாப்பத்தொரு வருஷமா நீ சொன்ன வண்டியில நான் ஏறியாச்சு," என்றாள் லெபா. "இந்தத் தடவ நான் பகல் வண்டியில போறேன். நீ வந்தா வா."

"நான் ராத்திரி வண்டியில போறேன். நீ வந்தா வா."

ஜோர்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்ல ஜோடியைத்தான் சேர்த்து வெச்சேன்! சரி, தனித்தனியாவே போங்க. எந்த வண்டி மேல்னு போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்குங்க. ஆனா ஒரு நிபந்தனை. யார் தோத்தாலும், 'நான் சொன்னது தப்பு'ன்னு வாய்விட்டுச் சொல்லணும். திரும்பும்போது ஜெயிச்சவங்க சொல்ற வண்டியில ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். என்ன வாத்தியாரே, சம்மதமா?"

"சம்மதம். எனக்கென்ன பயம்?" என்றார். அந்த வாக்கியத்தை அவர் சொல்ல வேண்டிவராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் ஜனத்துக்கு ரத்தத்தில் இரும்புச்சத்து குறையலாம், வீம்புச்சத்து குறையாது. அதிலும் வாத்தியார் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு லெபா கிளம்பினாள். பொரித்த கோழி முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டு, அவருக்கு நான்கு அவித்த முட்டையை வைத்துவிட்டுப் போனாள். "இருட்டுல முட்டை உரிக்க வசதியா இருக்கும்," என்றாள் வாசலில் நின்று.

இரவு ஒன்பதுக்கு வாத்தியார் ஏறினார். படுக்கைப் பெட்டியில் எதிர்ப்படுக்கையில் ஒரு சிமென்ட் வியாபாரி. வாத்தியார் முதல் காரியமாக ஜன்னலை இழுத்துச் சாத்தினார், அதன்மேல் திரையை இழுத்துவிட்டார், கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டார். "வெளிய பாக்க ஒண்ணுமில்ல, வெறும் இருட்டு," என்று வியாபாரிக்கு விளக்கமும் கொடுத்தார்.

நள்ளிரவு தாண்டி வண்டி ஒரு சின்ன நிலையத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். டிக்கெட் பரிசோதகர் வந்து விஷயத்தைச் சொன்னார். பிற்பகலில் மலையிலிருந்து ஒரு பாறை உருண்டு தண்டவாளத்தில் குந்திவிட்டதாம். சின்னக் கார் அளவு இருக்குமாம். அதை நகர்த்த ஏழு மணி நேரம் ஆயிற்றாம். ஒற்றைப் பாதை என்பதால் சரக்கு வண்டிகளெல்லாம் முன்னால் வரிசைகட்டி நிற்கின்றனவாம்.

"அப்ப காலையில போன பகல் வண்டி?" என்றார் வாத்தியார், எழுந்து உட்கார்ந்து.

"அதுவும் மாட்டிக்கிட்டுத்தான் இருந்துது. ராத்திரி ஒன்பதுக்குத்தான் விட்டாங்க. இந்நேரம் மாலா ரியேகா பாலத்துக்கிட்ட போயிட்டு இருக்கும்."

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. வெளியே மையிருட்டு. அவருக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. பிளம் சாராயக் குப்பியைத் திறந்து பரிசோதகருக்கு ஒரு வாய், சிமென்ட் வியாபாரிக்கு ஒரு வாய், தனக்கு மூன்று வாய் ஊற்றினார். "என் சம்சாரம் அதுலதான் போறா," என்றார். "காட்சி பாக்க!" தனியாகச் சிரித்துக்கொண்டே படுத்தார். இவ்வளவு நன்றாக அவர் தூங்கிப் பல வருடம் ஆகியிருந்தது.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. பகல் வண்டியை இருட்டில் தள்ளிய அதே பாறை, இரவு வண்டியை வெளிச்சத்தில் தள்ளிவிட்டது.

கண்விழித்தபோது காலை பத்து மணி. வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. வெளி நடைவழியில் ஒரே கூச்சல். பெட்டிக்காரர்கள் எல்லோரும் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரே, எழுந்திருங்க! பாலம் வருது, பாலம்!" என்று சிமென்ட் வியாபாரி உலுக்கினார்.

"எனக்குத் தெரிஞ்ச பாலம்தான். நூத்தித் தொண்ணூத்தெட்டு மீட்டர்," என்று வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். வியாபாரி தலையில் அடித்துக்கொண்டு நடைவழிக்கு ஓடினார்.

பெட்டியில் யாரும் இல்லை. சுரங்கத்தின் இரைச்சல் பட்டென்று நின்றது. சக்கரத்தின் சத்தம் மாறியது, கீழே ஒன்றுமே இல்லாத சத்தம். வாத்தியாரின் கை, அவரைக் கேட்காமலே, திரையின் ஓரத்தை இரண்டு விரல் அகலம் விலக்கியது.

பாலத்தைக் காணோம். தூணும் இல்லை, கைப்பிடியும் இல்லை, வெறும் ஆகாயம். வெகு கீழே பள்ளத்தாக்கு. எதிர் மலைச்சரிவில், கிழக்கு வெயிலில், பாலத்தின் நிழல் மட்டும் நெடுக விழுந்து கிடந்தது. அந்த நிழலின்மேல் தீப்பெட்டி தீப்பெட்டியாக ஒரு வண்டி நகர்ந்தது. அவருடைய வண்டிதான். அந்தத் தீப்பெட்டிகளில் ஒன்றுக்குள் தான் இருப்பது தெரிந்ததும் திரையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் கோபம் வந்தது, இப்படி ஒன்று இருப்பதாக யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று. முப்பத்துநாலு வருடமாக அதை ஊருக்குச் சொல்ல வேண்டியவராக இருந்தவர் தான்தான் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

வியாபாரி திரும்பி வந்தபோது திரை மூடியிருந்தது. வாத்தியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நடுப்பகலில் சுதோமோரே வாடகை அறைக்குப் போய்ச் சேர்ந்தார். மாடி முகப்பில் லெபா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். விடியற்காலை மூன்று மணிக்கு வந்திறங்கிய கண்கள் வீங்கியிருந்தன. அவள் வண்டி எத்தனை மணிக்குப் பாலத்தைக் கடந்தது என்பது அவருக்குத் தெரியும். அவர் வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்பது அவளுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும், வண்டி வரும் நேரத்தைப் பார்த்துத்தானே அறைகளை வாடகைக்கு விடும் பெண்கள் நிலையத்துக்குப் போகிறார்கள்.

"என்ன, காட்சியெல்லாம் பாத்தியா?" என்றார் பையைக் கீழே போடாமலே.

"பாத்தேனே. கண்கொள்ளாக் காட்சி."

"ராத்திரி ஒன்றரை மணிக்கா?"

"நிலா வெளிச்சத்துல."

"நேத்து அமாவாசை."

"அப்ப நட்சத்திர வெளிச்சமா இருக்கும்," என்றாள் லெபா, தக்காளியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ என்ன பண்ணின? பட்டப்பகல்ல வந்தியே."

"நானா? திரையைச் சாத்திட்டுக் கட்டை மாதிரித் தூங்கினேன். இங்க வந்துதான் முழிச்சேன்."

"நல்லது. தூங்கினாத்தான் உனக்கு உடம்பு தேறும்." அவள் அடுத்த தக்காளியை எடுத்தாள். "நான்தான் கொடுத்துவெச்சவ. அந்தத் தூண் இருக்கே, அடேயப்பா! ஜன்னலோரமா உக்காந்து அப்படியே பாத்துக்கிட்டே வந்தேன். செக்கச்செவேல்னு, ஒவ்வொரு தூணும் எவ்வளவு ஒசரம்! ஒண்ணு போயி ஒண்ணு, ஒண்ணு போயி ஒண்ணு..."

வாத்தியார் காலை மாற்றி நின்றார். தண்ணீர் குடித்தார். கடலைப் பார்த்தார்.

"அதுலயும் அந்த நடுத்தூணு, ஜன்னல்கிட்ட வந்து, கைய நீட்டினா தொட்டுடலாம்போல..."

தவளை தன் வாயால் கெடும். தப்பான பூகோளத்தைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்பது விதோமிர் வாத்தியாரின் உடம்புக்கு ஆகாத காரியம்.

"ரயில்ல இருந்துக்கிட்டுத் தூணு எப்படிடி தெரியும்? தூணு கீழ, நாம மேல! பாலமே தெரியாது. அதோட நிழல்தான் எதிர்மலையில நீளமா விழுந்து கெடக்கும், அதுமேல நம்ம வண்டி தீப்பெட்டி தீப்பெட்டியா..."

நிறுத்திக்கொண்டார். லெபாவின் கத்தியும் நின்றது.

"நிழலா?" என்றாள்.

"புத்தகத்துல போட்டிருக்கு."

"எந்தப் புத்தகத்துல?"

"பழைய புத்தகம். இப்ப கெடைக்காது."

லெபா கத்துவாள் என்று எதிர்பார்த்தார், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் கத்தவில்லை. "சரி. திரும்பிப் போற டிக்கெட்டை நீயே வாங்கு. எந்த வண்டின்னு உனக்கே தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தக்காளியில் உப்பைத் தூவினாள்.

அன்று புதன்கிழமை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. வாத்தியார் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தனக்குத்தானே வாதாடினார். பார்த்தது உண்மைதான், ஆனால் தற்செயலாகப் பார்த்தது கணக்கில் வருமா? பாறை விழாமல் இருந்திருந்தால்? இரவு வண்டியில் வந்ததால்தானே பார்க்க முடிந்தது, அப்படியானால் ஜெயித்தது யார்? தினமும் மாலை நிலையம் வரை நடப்பார், டிக்கெட் ஜன்னலில் நாலு பேர் நின்றால் கூட்டம் என்று திரும்புவார், யாரும் இல்லாவிட்டால் கதவுக்கு வெளியே நின்று மூச்சுவாங்கிவிட்டுத் திரும்புவார். லெபா ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்குக் குறுக்குக் காற்றைவிட மோசமாக இருந்தது. சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று.

திங்கள்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, நேராக ஜன்னலுக்குப் போனார்.

"பெல்கிரேடுக்கு ரெண்டு. பகல் வண்டி. வர்ற வெள்ளிக்கிழமை. ஜன்னலோரம் வேணும்," என்று உள்ளே இருந்த பெண்ணிடம் ஒரே மூச்சில் சொன்னார். சொன்னதும் உடம்பே லேசாகிவிட்டது.

"பகல் வண்டியா? நேத்தோட நின்னுபோச்சு, பெரியவரே," என்றாள் அவள். "சீசன் முடிஞ்சுது. இனிமே ஜூன்லதான். கதவுலயே பெருசா ஒட்டியிருக்கே, பாக்கலையா?"

திரும்பிப் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்தது. ஐந்து நாளாக அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுதான் அவர் மூச்சுவாங்கியிருக்கிறார். வரைபடம் தப்பு என்று சொன்ன மனிதருக்கு அறிவிப்பு தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, இரவு வண்டிக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

லெபா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டிக்கெட்டை நீட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"பகல் வண்டி நின்னுபோச்சு," என்றார்.

"தெரியும். வந்திறங்கின அன்னிக்கே படிச்சேன்."

"படிச்சியா? அப்ப ஏன்டி சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்." ஈரத்துணியை உதறினாள். "புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. அஞ்சு நாள் கொடுத்தேன் உனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமை வண்டியில கிளம்பியிருப்பேன். கடலைப் பன்னெண்டு தடவ பாத்தாச்சு, விதோமிர். அதை இல்ல நான் பாக்க வந்தது."

வாத்தியார் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மிச்சமிருந்த நாலு நாளும் அவர் லெபா சமைத்ததைச் சாப்பிட்டார், அவள் போன இடத்துக்குப் பின்னாலேயே போனார். யாரையும் எதற்காகவும் திருத்தவில்லை. பக்கத்து அறைக்காரர் கடலின் ஆழத்தைத் தப்பாகச் சொன்னபோதுகூடத் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வண்டி ஏறினார்கள். பெட்டியில் இருவர் மட்டும்தான். ஊருக்கு வெளியே வரும்போதே இருட்டிவிட்டது. லெபா தானே திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். வாத்தியார் படுக்கவில்லை. மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுரங்கங்களை எண்ணினார். ஒன்பது மணிக்கு எழுந்தார். கழுத்தில் கம்பளித் துணியை இரண்டு சுற்று சுற்றினார். காதில் பஞ்சு வைத்தார். திரையை விலக்கினார். அப்புறம் தன் கையாலேயே ஜன்னலைக் கீழே இறக்கினார், முழுசாக.

காற்று உள்ளே பாய்ந்தது. லெபா திடுக்கிட்டு எழுந்தாள். "உனக்கென்ன பைத்தியமா? குறுக்குக் காத்து!"

"வா இங்க. பாலம் வருது."

அவள் வந்து பக்கத்தில் நின்றாள். சக்கரத்தின் சத்தம் மாறியது. கீழே ஒன்றுமே இல்லாத சத்தம். லெபா இருட்டுக்குள் முகத்தை நீட்டினாள்.

"ஒண்ணும் தெரியல," என்றாள். "எங்க இருக்கு உன் நிழலு?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு..." என்று ஆரம்பித்தவர் அதை விட்டுவிட்டார். அந்த எண்ணால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. "லெபா, நான் சொன்னது தப்பு," என்றார். பாலம் தடதடத்தது.

"என்ன?"

"நான் சொன்னது தப்பு!"

"காதுல விழல. பாலம் அரை கிலோமீட்டர் நீளம்னு நீதானே சொல்லிக்கொடுத்த? இன்னும் பாதி இருக்கு. சத்தமா சொல்லு."

வாத்தியார் இருட்டைப் பார்த்துக் கத்தினார். மறுபடி கத்தினார். சுரங்கம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். லெபா அதன்பிறகும் ஜன்னலைச் சாத்தவிடவில்லை. அந்த நிழல் எப்படி விழுந்தது, வண்டி எந்தப் பக்கம் நகர்ந்தது, எத்தனை தீப்பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தீப்பெட்டியை மட்டும் அவர் எண்ணாமல் விட்டிருந்தார். "தெரியல," என்றார். அதுவும் அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டறியாத வார்த்தை.

மறுநாள் வாத்தியாரின் கழுத்து ஒருபக்கமாகப் பிடித்துக்கொண்டது. ஜோர்கா சாராயத்தில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டபடி, பந்தயத்தில் ஜெயித்தது யார் என்று கேட்டாள். கழுத்தைத் திருப்ப முடியாமல், லெபா உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு வாத்தியார் சொன்னார்: "அவதான். ஆனா ஜன்னலைத் தொறந்தா கழுத்து பிடிக்கும்னு சொன்னேனா இல்லையா? ஜூன் மாசம் பகல் வண்டிக்கு ரெண்டு கம்பளித் துணி எடுத்துக்கணும்."